ஒரு கை அழைக்க, மறு கை தடுக்க

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் ‘நெவாஸா’ என்னும் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் நோக்கிப் புறப்பட்ட சீனிவாச ராமானுஜன், ஆண்டுக்கு 250 பவுன் வீதம் சென்னைச் சர்வகலாசாலை மனமுவந்து அளித்த உபகாரச் சம்பளத்தையும், கடல் கடத்தல் ஆகாது என்ற ஆசாரத் தடையைத் தாண்டிவந்த மனவுறுதியையும் உடன்கொண்டு சென்றாரே அன்றி, விசா என்று இன்று நாம் சொல்லும் பிரவேச அனுமதி எதையும் கொண்டு செல்லவில்லை. அத்தகைய அனுமதியைக் கேட்பார் அன்று அக்கரையில் எவரும் இருக்கவில்லை.

இன்று அதே சென்னையிலிருந்து ஓராண்டு முதுகலைப் படிப்புக்காக லண்டன் செல்ல விரும்பும் ஒரு பெண், முதலாவதாகச் சர்வகலாசாலையிடமிருந்து ‘காஸ்’ எனப்படும் சேர்க்கை உறுதி எண்ணைப் பெறவேண்டும். காசநோய் இல்லையென்று மருத்துவச் சான்றிதழ் பெறவேண்டும். ஒன்பது மாதம் லண்டனில் காலங்கழிக்கப் போதுமானதென்று பிரிட்டிஷ் அரசாங்கம் நிர்ணயித்த தொகையும் (2025 ஜனவரியில் அது 13,347 பவுன்), செலுத்தவேண்டிய கல்விக் கட்டணத்தின் மிச்சமும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் குறையாமல் இருந்தன என்பதற்கு பேங்க் ஸ்டேட்மெண்டோ, அல்லது எஜுகேஷன் லோன் மஞ்சூரான கடிதமோ காட்டவேண்டும். 2025 ஏப்ரலில் 524 பவுனாக உயர்த்தப்பட்ட விசாக் கட்டணத்தையும், அவ்வாண்டில் 1,164 பவுனாக இருந்த சுகாதாரத் தீர்வையையும் முன்கூட்டியே செலுத்தி, விரல் ரேகை பதிந்து, அதன் பின்னரும் அதிகாரிகள் வேண்டினால், தான் மெய்யாகவே படிக்கத்தான் வருகிறாள் என்பதை நேர்முக விசாரணையில் நிரூபிக்கவும் வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்குள் இவ்வளவு மாறுதல் நேர்ந்ததே என்று வியந்து பெருமூச்சு விடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தன் எல்லைக்குள் வருவோர் யார், எதற்காக வருகின்றனர் என்று கேட்டறியும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அவ்வுரிமையை மறுத்துவிட்டு இவ்விஷயத்தைப் பற்றிப் பயனுள்ள வகையில் பேச இயலாது. ஆயினும், அயல்நாட்டு மாணவரைப் பிரிட்டன் நடத்திய வரலாற்றைப் படிப்படியாகப் பார்த்துவந்தால், அரசாங்கத்தின் ஒரு கை மாணவரை அழைக்கும் வேளையிலேயே மறு கை தடுத்துவந்திருப்பதும், இந்த முரண்பாட்டின் செலவை அழைத்தவரும் தடுத்தவரும் ஏற்காமல், நடுவே நிற்கும் இளைஞனே ஏற்க நேர்ந்திருப்பதும் தெளிவாகும். அதைத் தக்க ஆதாரங்களோடு எடுத்துக்காட்டி, பரிகாரம் இன்னதென்று சொல்வதே என் நோக்கம்.

பிரஜையாக வந்த மாணவன்

சாம்ராஜ்ய காலத்தில் இந்திய மாணவனுக்குப் பிரவேசத் தடை இல்லை. அவன் மன்னரின் பிரஜை என்ற ஒரு தகுதியே அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் தடை இல்லாமையை நம்பிக்கை என்று கொள்ளலாகாது. இந்திய மாணவர்களின் நிலையை ஆராய 1907-ல் சர் வில்லியம் லீ-வார்னர் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, அவர்களுடைய வாசத்தையும் படிப்பையும் மட்டுமன்றி அவர்களுடைய அரசியல் நாட்டத்தையும் கவலையோடு நோக்கியது. 1921-ல் லிட்டன் பிரபு தலைமையில் மற்றொரு குழு இதே விஷயத்தை மீண்டும் எடுத்துக்கொண்டது. மாணவனைக் குறித்த ஐயம் விசாவுக்கு மூத்தது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்வது பின்னால் பயன்படும்.

சுதந்திரத்துக்குப் பின் உறவின் பெயர் மாறிற்று. 1950-ல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் மந்திரிகளின் மாநாட்டிலிருந்து பிறந்த கொழும்புத் திட்டமும், 1959-ல் ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற காமன்வெல்த் கல்வி மாநாட்டில் வகுக்கப்பட்ட உபகாரச் சம்பளத் திட்டமும், புதிதாக விடுதலை பெற்ற தேசங்களின் இளைஞருக்குக் கல்வி அளிப்பது ஒரு கடமை என்ற கொள்கையின்மேல் எழுந்தவை. காமன்வெல்த் பிரஜைகளின் வரவை முதன்முதலாகக் கட்டுப்படுத்திய 1962-ஆம் ஆண்டுச் சட்டமுங்கூட, முழுநேரக் கல்விக்காக வருவோரைத் தனியே பிரித்து அவர்களுக்கு இடமளித்தது. மாணவன் வேறு, குடியேறுபவன் வேறு என்ற பாகுபாடு அன்றைய சட்டம் இயற்றியோர் உள்ளத்தில் தெளிவாக இருந்தது. பிற்காலத்தில் மங்கிப்போனது இந்தத் தெளிவே.

விசாவுக்கும் தமிழருக்கும் ஒரு துயரமான சம்பந்தம் இவ்வரலாற்றில் உண்டு. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் அபயம் தேடி லண்டனுக்கு வரத் தொடங்கியபோது, 1985 மே மாதத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் இலங்கைப் பிரஜைகளுக்கு விசாவைக் கட்டாயமாக்கிற்று. காமன்வெல்த் நாடு ஒன்றின் பிரஜைகள்மேல் அத்தகைய நிர்ப்பந்தம் விதிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. மறு ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், நைஜீரியா, கானா ஆகிய நாடுகளுக்கும் அது விஸ்தரிக்கப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தோரைத் தடுக்க எழுந்த வேலி, படிக்க வந்தோர் பாதையையும் சேர்த்து அடைத்தது.

கட்டணம் செலுத்தும் மாணவன்

கடமை என்ற கருத்து வியாபாரம் என்ற கருத்துக்கு இடங்கொடுத்த கதை, விசாவின் கதையோடு பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கிறது. 1967 வரையில் உள்நாட்டு மாணவனும் அயல்நாட்டு மாணவனும் ஒரே கட்டணம் செலுத்தினர். அவ்வாண்டில் தொழிற்கட்சி அரசாங்கம், உள்நாட்டாருக்கு 70 பவுன், வெளிநாட்டாருக்கு 250 பவுன் என்ற வேற்றுமையை நுழைத்தது. மார்கரெட் தாட்சர் பிரதம மந்திரியானதும், 1979 இறுதியில், அடுத்த கல்வியாண்டில் புதிதாகச் சேரும் அயல்நாட்டு மாணவர் தம் படிப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் தாமே ஏற்கவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. செலவைச் சிக்கனப்படுத்தும் எளிய நடவடிக்கையாக அது கருதப்பட்டது. அதன் விளைவு எளிதாக இருக்கவில்லை. ஏராளமான மாணவரைப் பிரிட்டனுக்கு அனுப்பிவந்த மலேசியாவில் பிரதம மந்திரி மகாதீர் முகமது, 1981-ல் பிரிட்டிஷ் சரக்கைக் கடைசியாகவே வாங்குக என்று தம் அரசாங்க இலாகாக்களுக்கு உத்தரவிட்டதற்கு, வேறு காரணங்களோடு இந்தக் கட்டண உயர்வும் ஒரு காரணமாயிற்று. வர்த்தகத்திலும் நட்பிலும் நேர்ந்த நஷ்டத்தைக் கண்ட பின்னரே, 1983-ல் வெளிநாட்டு மந்திரி பிரான்சிஸ் பிம், மூன்றாண்டுகளுக்கு 46 மில்லியன் பவுன் பெறுமான உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தார். செவனிங் உபகாரச் சம்பளம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே.

அந்த நிகழ்ச்சியில் அடங்கிய பாடம் பிற்காலத்தில் வேறுவிதமாகப் படிக்கப்பட்டது. முழுக் கட்டணம் செலுத்தும் மாணவன் வந்தால் சர்வகலாசாலைக்கு வருவாய் என்பதை நிர்வாகிகள் கண்டுகொண்டனர். 1999 ஜூன் மாதத்தில் பிரதம மந்திரி டோனி பிளேர், உயர்கல்வியிலும் தொழிற்கல்வியிலுமாக மேலும் 75,000 அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் இலக்கை அறிவித்து, ஆங்கிலக் கல்வியை உலகச் சந்தையில் விற்பனைக்குரிய பொருளாகவே முன்வைத்தார். அழைக்கும் கை இவ்வாறு பகிரங்கமாக நீண்டது. படித்து முடித்தோர் இரண்டாண்டு தங்கி வேலை செய்யலாம் என்ற அனுமதி 2008-ல் பிரிட்டன் முழுவதற்கும் உரியதாயிற்று. நம் ஊர்க் கன்சல்டன்சிக்காரர்கள் இன்றளவும் ‘பி.எஸ்.டபிள்யூ.’ என்று வழங்கும் சொல் அப்போது பிறந்ததே. கடன்பட்டுச் செல்லும் ஒரு குடும்பத்துக்கு அந்த இரண்டாண்டு எத்தகைய பொருளுடையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய தொகையை ரூபாய்ச் சம்பளத்தில் அடைக்கும் காலத்துக்கும், பவுன் சம்பளத்தில் அடைக்கும் காலத்துக்கும் உள்ள தூரமே அது.

எண்ணிக்கையில் அகப்பட்ட மாணவன்

2009-ல் மாணவர் விசா புதிய ஏற்பாட்டுக்குள் வந்தது. அதன்படி, மாணவனைச் சேர்க்கும் கல்வி நிலையம் உள்நாட்டு இலாகாவிடம் ஸ்பான்சர் லைசென்ஸ் பெறவேண்டும். மாணவன் வந்து சேர்ந்தானா, வகுப்புக்கு ஒழுங்காக வருகிறானா என்று கண்காணித்து அறிக்கை தரவேண்டும். அன்று பல தெருக்களில், கட்டடத்துக்குமேல் ஒரு பெயர்ப் பலகையையன்றி வேறொன்றும் இல்லாத கல்லூரிகள் கல்வியின் பெயரால் விசா விற்றுக்கொண்டிருந்தன என்பது உண்மை. அவற்றை மூடியது நியாயம். அப்படி மூடியவற்றில் பணம் கட்டி ஏமாந்தவர்களும் அயல்நாட்டு மாணவர்களே ஆகையால், அந்தச் சீர்திருத்தம் மாணவருக்கே நன்மை செய்தது என்றும் சொல்லலாம்.

ஆனால் 2010-ல் பதவியேற்ற கூட்டணி அரசாங்கம், வருவோர் தொகையிலிருந்து போவோர் தொகையைக் கழித்து வரும் நிகரக் குடியேற்றத்தை லட்சக்கணக்கிலிருந்து பதினாயிரக் கணக்குக்குக் குறைப்பதாக வாக்களித்தபோது, ஓராண்டோ அதற்கு மேலோ தங்க வரும் எவரையும் குடியேறியவராகவே கணக்கிடும் சர்வதேசப் புள்ளிவிவர மரபின்படி, மாணவரும் அக்கணக்கில் அகப்பட்டனர். வேலைக்கு வருவோரையும் குடும்பத்தோடு சேர வருவோரையும் குறைப்பது கடினம். ஐரோப்பிய யூனியனிலிருந்து வருவோரைத் தடுக்க அன்று சட்டத்தில் வழியே இல்லை. எனவே எஞ்சிய பெருங்கூட்டமாகிய மாணவர்மேல் கை விழுந்தது. மாணவரைத் தனியே கணக்கிட வேண்டும் என்று பார்லிமெண்டின் பல குழுக்கள் வற்புறுத்தியும் அரசாங்கம் இணங்கவில்லை.

2012 ஏப்ரலில் பி.எஸ்.டபிள்யூ. மூடப்பட்டது. ஓராண்டுக்கு முன்னரே அறிவித்துவிட்டோம் என்று அரசாங்கம் சொல்லக்கூடும். ஆனால் 2010 செப்டம்பரில் மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் சேர்ந்த மாணவன், சேர்ந்த நாளில் சட்டத்தில் இருந்த உரிமையை, பட்டம் பெறும் நாளில் இழந்து நின்றான். அதே 2012-ல், விண்ணப்பதாரர் மெய்யான மாணவரா என்று கண்டறியும் நேர்முக விசாரணை விஸ்தரிக்கப்பட்டது. ஆகஸ்டு இறுதியில் லண்டன் மெட்ரோபாலிட்டன் சர்வகலாசாலையின் லைசென்ஸ் ரத்துசெய்யப்பட, படித்துக்கொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர்கள் நடுவழியில் விடப்பட்டனர். நிர்வாகத்தின் குறைகளுக்கு, அக்குறைகளில் பங்கில்லாத மாணவர் ஏன் தண்டம் கட்டவேண்டும் என்ற கேள்வி ஹைகோர்ட் வரை சென்றது. மெய்யான மாணவர் தம் படிப்பைத் தொடரக் கோர்ட்டு இடைக்கால நிவாரணம் அளித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் லைசென்ஸும் திரும்பக் கிடைத்தது. கிடைத்தாலும், இடைப்பட்ட எட்டு மாத காலத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் பட்ட கலக்கத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதற்கில்லை.

இந்தியாவின் பதில் எண்ணிக்கையில் தெரிந்தது. 2010-11-ல் பிரிட்டிஷ் உயர்கல்வி நிலையங்களில் சுமார் 39,000 பேராக இருந்த இந்திய மாணவர் தொகை, ஐந்தே ஆண்டுகளில் 17,000-க்கும் கீழே சென்றது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவும் கனடாவும் தம் கதவுகளை அகலத் திறந்தன. மாணவன் ஒருவன் எந்தத் தேசத்துக்குப் போவது என்று தீர்மானிக்கும்போது, ஆசிரியர்களின் கியாதியையும் நூல்நிலையத்தின் பெருமையையும் மட்டும் பார்ப்பதில்லை. தான் போய்ச்சேரும் நாட்டின் சொல் நிலைக்குமா என்பதையும் பார்க்கிறான்.

ஐயத்துக்கு ஆளான மாணவன்

தடுக்கும் கையின் கடுமை உச்சநிலையை அடைந்தது டோயிக் என்னும் ஆங்கிலப் பரீட்சை விவகாரத்தில். 2014 பிப்ரவரியில் பி.பி.சி. நிறுவனத்தின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, லண்டனில் சில பரீட்சை மையங்களில் ஒருவருக்குப் பதிலாக வேறொருவர் பேசித் தேர்வு எழுதும் மோசடியைப் படம் பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்து நிகழ்ந்ததைக் கவனிக்கவேண்டும். பரீட்சையை நடத்திய ஈ.டி.எஸ். என்னும் அமெரிக்க ஸ்தாபனமே, குரலை ஒப்பிட்டு நோக்கும் இயந்திரப் பரிசோதனையைச் செய்து, 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,458 தேர்வுகளில் 33,663 செல்லாதவை, 22,476 ஐயத்துக்குரியவை என்று பட்டியல் தந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்தப் பட்டியலே பிரமாணமாயிற்று. பரீட்சை நடத்தியவனே பரீட்சையில் நேர்ந்த மோசடிக்கு நீதிபதியாகவும் அமர்ந்த இவ்வேற்பாட்டின்மீது ஆயிரக்கணக்கான விசாக்கள் ரத்தாயின. பலருக்குப் பிரிட்டனில் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் உரிமைகூட அளிக்கப்படவில்லை. உன் வழக்கை உன் தேசத்துக்குத் திரும்பிப் போய் நடத்து என்று சொல்லப்பட்டது.

2019 மே மாதத்தில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இவ்விஷயத்தில் நிதானமான சாட்சி. சுமார் 2,500 பேர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர் என்றும், மேலும் 7,200 பேர் எச்சரிக்கை பெற்றுத் தாமாகவே வெளியேறினர் என்றும் அது பதிவுசெய்கிறது. பெரும் மோசடி நடந்ததை ஒப்புக்கொண்டு, அதேசமயத்தில், ஏமாற்றாதவர் சிலரும் இதில் சிக்கியிருக்கக்கூடும் என்பதையும், அத்தகையோரைக் கண்டறிந்து உதவ உள்நாட்டு இலாகா தக்க வழி வகுக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டுகிறது. குற்றவாளிகள் பலர் இருந்தனர் என்பதற்காகக் குற்றமற்ற ஒருவனைப் படிப்பின் நடுவே பிடித்து, ஏமாற்றுக்காரன் என்ற பெயரோடு ஊருக்கு அனுப்புவது எந்தத் தர்மத்துக்கும் ஒவ்வாது. இளமையில் ஏறிய அந்தப் பழியைச் சுமந்துகொண்டு, பல்லாண்டு கோர்ட்டு வாசலில் நின்றோரை நினைக்கையில் மனம் கனக்கிறது.

இவ்வளவு கடுமைக்கும் அடிப்படையாக இருந்த ஓர் எண்ணம், மாணவர் படிப்பு முடிந்தும் திரும்புவதில்லை என்பது. துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் சிலரை நிறுத்திக் கேட்டறியும் பழைய கணக்கெடுப்பு, வந்த மாணவருக்கும் சென்ற மாணவருக்கும் இடையே ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வித்தியாசம் இருப்பதாகக் காட்டிவந்தது. 2015 ஏப்ரலில் நாட்டைவிட்டு வெளியேறுவோரையும் பதிவுசெய்யும் ஏற்பாடு தொடங்கி, அதன் முடிவுகள் 2017 ஆகஸ்டில் வெளிவந்தபோது, விசாக் காலம் முடிந்த மாணவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் உரிய காலத்தில் வெளியேறிவிட்டனர் என்று தெரிந்தது. ஏழாண்டுக் காலம் ஒரு கொள்கையைத் தாங்கிய தூண், உண்மையில் அவ்விடத்தில் இருக்கவே இல்லை. மாணவரைப்பற்றிய ஒரு தவறான எண், மாணவருக்குச் செய்த தீங்குக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

மீண்டும் அழைப்பு, மீண்டும் தடை

அதன் பின் காற்று திசைமாறிற்று. 2019 மார்ச்சில் வெளியான சர்வதேசக் கல்வித் திட்டம், 2030-ஆம் ஆண்டுக்குள் அயல்நாட்டு மாணவர் தொகையை ஆறு லட்சமாக உயர்த்துவதென இலக்கு வைத்தது. பட்டதாரி விசா என்ற பெயரில் இரண்டாண்டு வேலை அனுமதி, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றோருக்கு மூன்றாண்டாக, 2021 ஜூலை 1 முதல் மீண்டும் உயிர்பெற்றது. பத்தாண்டில் எட்டவேண்டிய இலக்கு 2020-21-லேயே எட்டப்பட்டது. 2022-23-ல் மொத்தத் தொகை 7,58,855. அவர்களுள் இந்தியர் மட்டும் 1,70,000-க்கும் மேல்.

இந்த ஆர்வத்துக்குப் பின்னால் ஒரு நிர்ப்பந்தமும் இருந்தது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரிடம் வசூலிக்கத்தக்க கட்டணத்தின் உச்சவரம்பு 2012-ல் 9,000 பவுன், 2017-ல் 9,250, அதன் பின் விலைவாசி எவ்வளவோ ஏறியும், 2025-ல் 9,535 ஆகும் வரை அது அசையவில்லை. கட்டணத்தை உயர்த்தினால் உள்நாட்டுப் பெற்றோரின் கோபம். மானியத்தை உயர்த்தினால் பொக்கிஷத்துக்குச் சுமை. இவ்விரண்டையும் தவிர்த்த அரசாங்கங்கள், குறையும் வருவாயை உச்சவரம்பு இல்லாத அயல்நாட்டுக் கட்டணத்தால் நிரப்பிக்கொள்ளச் சர்வகலாசாலைகளை விட்டுவிட்டன. 2021-22-ல் படிப்பைத் தொடங்கிய அயல்நாட்டு மாணவரால் பிரிட்டனுக்கு விளையும் பொருளாதாரப் பயன் 41.9 பில்லியன் பவுன், அவர்களுக்காக ஆகும் பொதுச் செலவு 4.4 பில்லியன் பவுன் என்று உயர்கல்விக் கொள்கை நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு 2023-ல் கணக்கிட்டது. ஆகவே, தர்மத்துக்காகச் செலவிட்டு வளர்க்கப்படும் இரவலனாக அயல்நாட்டு மாணவனைக் கருதுவது பிழை. அவன் செலுத்தும் பணத்தில் உள்நாட்டு மாணவனின் ஆய்வுக்கூடத்து விளக்கும் எரிகிறது.

எனினும், தொகை பெருகியவுடன் மறு கை எழுந்தது. மாணவரோடு வரும் மனைவி, கணவன், குழந்தைகளுக்கு வழங்கப்பட்ட விசாக்கள் 2019-ல் சுமார் 16,000-ஆக இருந்து 2022-ல் 1,36,000-ஆக ஏறின. வீட்டு வாடகையும் பொதுச் சேவைகளின் நெருக்கடியும் உள்ளூர் மக்களை வருத்திய வேளையில் இத்தகைய பெருக்கம் கவலை அளித்தது இயல்பே. 2023 மே மாதத்தில், ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத முதுகலை மாணவர் குடும்பத்தை அழைத்துவரக்கூடாது என்று அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு அது அமலாயிற்று. பட்டதாரி விசா பெருவாரியாகத் துஷ்பிரயோகம் ஆகிறதா என்று ஆராயப் பணிக்கப்பட்ட குடியேற்ற ஆலோசனைக் குழு, அத்தகைய ஆதாரம் இல்லை, அதை நீடிக்க விடுக என்று 2024 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. ஆயினும், ஓராண்டு கழித்து, 2025 மே 12-ல் புதிய தொழிற்கட்சி அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பட்டதாரி விசாவைப் பதினெட்டு மாதமாகச் சுருக்கியதோடு, ஸ்பான்சர் நிலையங்களின்மேல் உள்ள நிபந்தனைகளையும் இறுக்கியது. இதுவரை பத்து சதவீதத்துக்கு உட்பட்டிருக்கவேண்டிய விசா மறுப்பு வீதம், இனி ஐந்து சதவீதத்துக்கு உட்பட்டிருக்க வேண்டுமாம்.

இந்த நிபந்தனையின் செயல்முறையைச் சற்று நின்று நோக்கவேண்டும். விசாவை மறுப்பவர் உள்நாட்டு இலாகாவின் அதிகாரி. மறுப்பு மிகுந்தால் தண்டனை சர்வகலாசாலைக்கு. எனவே சர்வகலாசாலை, தகுதியைப் பார்த்து இடமளிப்பதற்கு முன், இவனுக்கு விசா கிடைக்குமா என்று பார்க்கத் தொடங்குகிறது. கிடைக்குமா என்பதை ஊரையும் நாட்டையும் பார்த்து ஊகிக்கத் தலைப்படுகிறது. இன்ன பிரதேசத்து விண்ணப்பங்கள் வேண்டாம் என்ற மனப்பான்மை இவ்வாறு எந்தச் சட்டத்திலும் எழுதப்படாமலே நடைமுறையாகிவிடக் கூடும். கிராமத்துக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய ஏழை ஒருவனின் விண்ணப்பம், அவன் செய்யாத குற்றத்துக்காக, அவனுக்குத் தெரியாமலே ஒதுக்கப்படும் அபாயம் இதில் உள்ளது. ஆசிரியனை எல்லைக் காவலனாக்கும் ஏற்பாட்டின் மிகப் பெரிய கேடு இதுவே என்பது என் அபிப்பிராயம்.

சேர்ந்த நாளின் சட்டம்

இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். மாணவரை நிகரக் குடியேற்றத்தின் அரசியல் இலக்கிலிருந்து பிரித்துத் தனியே கணக்கிடுவது முதலாவது; 1962-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே தெரிந்திருந்த பாகுபாடு இது. உயர்கல்வியின் அடிப்படைச் செலவை அயல்நாட்டார் கட்டணத்தின்மேல் ஏற்றிவைக்காமல், உள்நாட்டு மானியத்தாலும் கட்டணத்தாலும் ஈடுசெய்வது இரண்டாவது. அவ்வாறு செய்யாதவரையில் அழைப்பும் தடையும் மாறிமாறி வந்தே தீரும். மோசடி உண்டென்றால் அதை ஆளுக்கு ஆள் ஆதாரம் காட்டி நிரூபித்து, குற்றம் சாட்டப்பட்டவன் அந்நாட்டிலேயே இருந்து பதில் சொல்ல இடமளிப்பது மூன்றாவது.

இவற்றுக்கெல்லாம் தலையாயதும், அரசாங்கத்துக்கு ஒரு பவுன்கூடச் செலவு வைக்காததும் நான்காவதாகச் சொல்லவேண்டியதே. விதி மாறும்போது, அது படிப்பில் சேர்ந்த நாளைக்கொண்டு பொருந்தவேண்டுமேயன்றி, விண்ணப்பிக்கும் நாளைக்கொண்டு பொருந்தலாகாது. கடுமையானதாயினும், குடும்பத்தாரைத் தடுத்த 2023-ஆம் ஆண்டு உத்தரவு இந்த நியாயத்தைக் காத்தது. 2024 ஜனவரிக்குப் பின் தொடங்கும் படிப்புக்கே அது பொருந்திற்று. வருபவர் முன்னறிந்து வந்தனர், வந்திருந்தவர் வஞ்சிக்கப்படவில்லை. பட்டதாரி விசாவைச் சுருக்கும் விதியோ, ஆராய்ச்சிப் பட்டம் பெற்றோர் நீங்கலாக, 2027 ஜனவரி 1-லும் அதற்குப் பின்னும் விண்ணப்பிப்போர் எல்லோருக்கும் பொருந்துகிறது.

இதன் விளைவை இரண்டு மாணவரை வைத்துப் பார்ப்போம். 2024 செப்டம்பரில் ஒரே விமானத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஒரே சர்வகலாசாலையில் ஒருவர் ஓராண்டு முதுகலையிலும் மற்றவர் மூன்றாண்டு இளங்கலையிலும் சேர்ந்தனர் என்று கொள்வோம். இருவருக்கும் அன்று சட்டம் சொன்னது ஒன்றே: முடித்தபின் இரண்டாண்டு. முதுகலை மாணவர் 2025-ல் முடித்து அந்த இரண்டாண்டையும் பெற்றுவிடுகிறார். இளங்கலை மாணவர், அதிக காலம் தங்கி, அதிகக் கட்டணம் செலுத்தி, எந்த விதியையும் மீறாமல் 2027 கோடையில் பட்டம் பெறும்போது, அவருக்குப் பதினெட்டு மாதமே கிடைக்கிறது. அவருடைய தகப்பனார் வங்கியில் கையெழுத்திட்ட கடன் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, தவணைத் தேதி மாறவில்லை, வட்டி மாறவில்லை. அவ்வொப்பந்தத்துக்கு ஆதாரமாக அவர் நம்பிய மற்றொரு சொல் மட்டும் மாறிவிட்டது.

ஆறு மாதம் என்பது அரசாங்கக் கணக்கில் சிறியது. ஆனால் பதினேழு பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மூன்று குளிர்காலங்களைத் தனிமையில் கழித்து, பகுதிநேர வேலையில் நின்றுகொண்டே சம்பாதித்துப் படித்துத் தேறிய ஒரு பிள்ளைக்கு, முதல் உத்தியோகத்தைத் தேடிப் பிடிக்கும் ஆறு மாதம் அது. பிரிட்டன் இனிமேல் வருவோருக்கு எவ்வளவு கடுமையான நிபந்தனை விதிக்க விரும்பினாலும் விதிக்கட்டும்; அதைப் படித்துப் பார்த்துப் போவதா வேண்டாமா என்று நம் பிள்ளைகள் தீர்மானித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மட்டும், அவன் உள்ளே நுழைந்த அன்று வாசலில் எழுதியிருந்ததை, அவன் வெளியே வரும்வரை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும்.